என்3 தேறி ஐந்து வருடம், வாய் திறந்தால் ஜப்பானியம் வரவில்லை: என்ன செய்வது?

கேள்வி இதுதான். சென்னையில் படித்து, ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் என்3 (ஐந்து படிகளில் நடுப்படி) தேறி ஐந்து வருடம் ஆகிறது. நடுவில் ஜப்பானியத்துக்கு வேலையே இருக்கவில்லை. இப்போது ஜப்பான் வாடிக்கையாளர்களோடு வாராவாரம் பேசவேண்டிய புராஜெக்ட். படித்தால் பாதி புரிகிறது, காதில் விழுந்தால் கால்வாசி, பேசப்போனால் ஒன்றுமில்லை. முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? தமிழ் வாடை அடிக்கும் உச்சரிப்பை இந்த வயதில் மாற்ற முடியுமா?

முதலிலிருந்து வேண்டாம். உச்சரிப்பு முழுவதையும் மாற்ற வேண்டாம், மூன்று இடங்களை மாற்றினால் போதும். இந்த இரண்டுக்குமே உங்கள் தமிழ்தான் பெரிய உதவி. நம்மவர்கள் அநேகமாக எல்லோரும் ஆங்கிலத்தின் வழியாக ஜப்பானியம் படித்தவர்கள். தடுமாற்றத்தில் பாதிக்கு அந்தச் சுற்றுவழியே காரணம்.

முதலில், மறந்தது எவ்வளவு என்று பார்ப்போம். ஹாரி பாரிக் என்ற அமெரிக்க உளவியலாளர், பள்ளி கல்லூரிகளில் ஸ்பானிஷ் படித்த 733 பேரைச் சோதித்து 1984-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். படித்து முடித்த முதல் மூன்று முதல் ஆறு ஆண்டுகளுக்குள் மளமளவென்று மறக்கிறது. அதற்குப் பிறகு மிஞ்சியது ஏறக்குறைய முப்பது ஆண்டு அப்படியே கிடக்கிறது என்பது அதன் சாரம். நீங்கள் அந்தச் சரிவின் அடிவாரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். இதற்கு மேல் பெரிதாகப் போக ஒன்றுமில்லை. ஒருமுறை படித்து மறந்ததைத் திரும்பப் படிக்க முதல்முறையைவிடக் குறைந்த நேரமே பிடிக்கும் என்பதையும் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885-லேயே காட்டிவிட்டார்.

இன்னொன்று: உங்களால் பேச முடியாமல் போனது மறதியால் மட்டும் அல்ல. ஜே.எல்.பி.டி.யில் பேச்சுத் தேர்வே கிடையாது, எழுதிக் காட்டுவதும் கிடையாது. விடையைத் தேர்ந்தெடுத்துக் கட்டத்தை நிரப்பினால் என்3 வந்துவிடும். ஆகவே வாய்ப்பேச்சு அன்றைக்கே முழுதாக இருந்திருக்க வாய்ப்பில்லை. இழந்ததை மீட்பது ஒரு வேலை, இதுவரை கட்டாததைக் கட்டுவது இன்னொரு வேலை. இரண்டும் கலந்து கிடப்பதால்தான் 'எல்லாம் போய்விட்டது' என்று தோன்றுகிறது.

இன்றே செய்யவேண்டியது ஒன்று உண்டு. கைபேசியில் ஒலிப்பதிவைத் தட்டிவிட்டு, போன சனி ஞாயிறில் என்ன செய்தீர்கள் என்று மூன்று நிமிடம் ஜப்பானியத்தில் பேசுங்கள். அகராதி கூடாது, சொல் வராவிட்டால் சுற்றி வளைத்துச் சொல்லுங்கள். பிறகு கேட்டு மூன்றைக் குறியுங்கள்: எங்கே நின்றுபோனீர்கள், எங்கே ஆங்கிலமோ இந்தியோ நுழைந்தது, எந்த வினைவடிவம் குழம்பியது. கடைசியாகப் படித்த அந்நிய மொழி முந்திக்கொண்டு வாயில் வருவது பலருக்கும் நடப்பது, பயப்பட வேண்டாம். இந்தப் பதிவை அழிக்காதீர்கள். ஆறு வாரம் கழித்து இதே தலைப்பில் மறுபடி பேசி ஒப்பிட வேண்டும். அளவுகோல் அது ஒன்றுதான்.

இனி உச்சரிப்பு. தமிழில் வழங்கும் ஜப்பானியச் சொற்களையே எடுத்துப் பார்ப்போம், பிழை எங்கே பிறக்கிறது என்று பளிச்சென்று தெரியும். 'கராத்தே' என்கிறோம். ஜப்பானியத்தில் அது க, ர, தெ என்று மூன்றே குறில்கள், இரட்டிப்பு எதுவும் இல்லை. 'ஹைக்கூ' உண்மையில் ஹ, இ, கு. ஒற்றும் இல்லை, நெடிலும் இல்லை. ஏன் இரட்டித்தோம்? 'ஹைகு' என்று எழுதினால் தமிழ் வாய் அதை 'அகம்' என்பதில் வரும் க போலக் குழைத்துவிடும். இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் ஒற்றை வல்லினம் தமிழில் மென்மையாகிவிடும். கெட்டியாகவே வேண்டுமென்றால் இரட்டிக்க வேண்டும். இந்தப் பழக்கம் ஜப்பானியத்தில் இரண்டு பக்கமும் அடிக்கும். இரட்டிக்காவிட்டால் 'எழுது' என்ற ககு, 'முகர்ந்து பார்' என்ற சொல்லாகிவிடும். இரட்டித்தால் 'வாருங்கள்' என்று சொல்ல வந்த 'கிதெ குதசாய்', 'வெட்டுங்கள்' என்ற 'கித்தெ குதசாய்' ஆகிவிடும்.

(இங்கே தமிழ் எழுத்தில் தருவது அடையாளத்துக்கு மட்டுமே. பயிற்சி முழுவதையும் கானா என்ற ஜப்பானிய ஒலியெழுத்தில் செய்யுங்கள். தங்கமும் கின், வெள்ளியும் கின் என்று எழுதத்தான் நம் எழுத்தால் முடியும். ஜப்பானியத்தில் முதல் ஒலி வேறு வேறு.)

ஆக முதல் வேலை, நீளம். ஜப்பானியம் தட்டுத்தட்டாக ஓடும் மொழி. நமக்கு மாத்திரைக் கணக்கு உண்டு: குறில் ஒன்று, நெடில் இரண்டு, மெய் அரை. அந்த அரையை மட்டும் ஒன்றாக்குங்கள், ஜப்பானியக் கணக்கு வந்துவிடும். 'நிப்பொன்' தமிழ்க் கணக்கில் மூன்று மாத்திரை. அங்கே நி, ப், பொ, ன் என்று நான்கு தட்டு. 'ஹொன்' (புத்தகம்) நமக்கு ஒன்றரை, அவர்களுக்கு இரண்டு. தமிழர் பேச்சு ஜப்பானியர் காதுக்கு அவசரமாகக் கேட்டால் அதற்கு இந்த அரைத் தட்டுகளும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒபசன் என்றால் அத்தை, ஒபாசன் என்றால் பாட்டி. நான்காம் தேதி யொக்க, எட்டாம் தேதி யோக. டெலிவரி தேதி பேசும்போது இது வெறும் உச்சரிப்புப் பிரச்சினையாக நிற்காது.

நீளத்தோடு ஒட்டிய இரண்டு பொறிகள். ஒன்று, புணர்ச்சி. உடல்மேல் உயிர் வந்து ஒன்றும் என்று பள்ளியில் படித்தோம். வாயும் அதைத் தானாகச் செய்கிறது. 'புகைபிடிக்கத் தடை' என்பது கி, ன், எ, ன் என்று நான்கு தட்டு. னகரத்தையும் எகரத்தையும் சேர்த்துவிட்டால் 'கினென்' ஆகி, 'நினைவுக் கொண்டாட்டம்' என்று பொருள் மாறும். புத்தகத்தை என்பது 'ஹொனொ' அல்ல. ஹொ, ன், ஒ. ன் வந்த பிறகு உயிர் வந்தால் நாக்கு நுனி மேலே ஒட்டவே கூடாது, மூக்கொலியோடு நின்று அடுத்த தட்டைத் தொடங்க வேண்டும். இரண்டு, யகரத்தைப் பிளப்பது. டோக்கியோ என்று நாம் கி, யோ எனப் பிளக்கிறோம். ஜப்பானியத்தில் 'க்யோ' ஒரே மூச்சு, பிறகு அதன் நீட்டம். இதே பிளவுப் பழக்கம் பியோஇன் என்ற சொல்லில் வந்தால், நான்கு தட்டு மருத்துவமனை ஐந்து தட்டு அழகு நிலையமாகிவிடும்.

இரண்டாவது வேலை, தொண்டை அதிர்வு. கின் (தங்கம்) அதிராத ஒலி, கின் (வெள்ளி) அதிரும் ஒலி. தொண்டையில் இரண்டு விரல் வைத்துச் சொன்னால் தெரியும். 'பல்' என்பதில் அதிராது, 'பயம்' என்பதில் அதிரும். 'குடம்' அதிராது, 'குரு' அதிரும். ஆகவே சொல்லின் தொடக்கத்தில் நமக்கு இது முடியாத காரியம் இல்லை, கவனம் இருந்தால் போதும். சிக்கல் சொல்லின் நடுவில்தான், அதுவும் மெல்லினத்துக்குப் பின்னால். 'சங்கு' என்பதில் க எப்படிக் குழைகிறதோ அப்படியே தெங்கி (வானிலை) என்பதிலும் குழைத்துவிடுகிறோம். கிங்கோ (வங்கி), கந்தன் (எளிது), செந்தகு (துணி துவைத்தல்) எல்லாவற்றிலும் இதே கதை. மூக்கொலிக்குப் பின் வரும் எழுத்து இந்தச் சொற்களில் கெட்டியாக இருக்க வேண்டும்.

இந்த இரண்டு வேலைக்கும் ஒரே பயிற்சி போதும். மெட்ரோனோம் செயலி இலவசமாகக் கிடைக்கும். நிமிடத்துக்கு 120 தட்டு வையுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு எழுத்து: தெ, ன், கி. ஒற்று இரட்டிக்கும் இடத்தில் ஒரு தட்டு மௌனம்: கி, (மௌனம்), தெ. இது ஏன் வேலை செய்கிறது என்றால், தனித்தனியாகச் சொல்லும்போது ஒவ்வொரு எழுத்தும் சொல் தொடக்கத்தில் நிற்பது போல ஆகிறது. அங்கே தமிழ் வாய் கெட்டியாகத்தான் சொல்லும், குழைக்காது. பிழையில்லாமல் வந்த பிறகு 180, பிறகு 240. வேகம் கூடும்போது எந்தச் சொல்லில் குழைகிறதோ அதை மட்டும் 120-க்கு இறக்குங்கள். தினம் ஐந்து நிமிடம், பத்துச் சொல், மூன்று வாரம்.

சரியாக வருகிறதா என்று பார்க்க, கைபேசி விசைப்பலகையின் குரல் தட்டச்சை ஜப்பானியத்துக்கு மாற்றி ஒற்றைச் சொற்களைச் சொல்லிப் பாருங்கள். ஒபாசன் என்றதற்கு அத்தை விழுந்தால் நீளம் போதவில்லை. முழு வாக்கியமாகச் சொன்னால் மென்பொருள் சூழலை வைத்து ஊகித்துத் திருத்திவிடும், உங்கள் பிழை மறைந்துவிடும். அதனால் இந்தச் சோதனையைத் தனிச் சொல்லோடு நிறுத்துங்கள்.

மூன்றாவது வேலை, நமக்கு இல்லாத இரண்டு ஒலிகள். சுனாமியில் முன்னால் இருந்த 'த்' தமிழில் விழுந்துவிட்டது. நாக்கை த் இடத்தில் வைத்து அங்கிருந்தே ஸு என்று விடுவியுங்கள்: த்ஸு. இது வராவிட்டால் நிலா (த்ஸுகி), 'பிடிக்கும்' (சுகி) ஆகிவிடும். அடுத்தது ஸகரத்தின் அதிரும் இணை, அதாவது ஆங்கில z ஒலி. நம்மவர்கள் ஒன்று ஜ என்பார்கள், அல்லது ஸ என்பார்கள். தண்ணீர் கேட்கப்போய் 'மிசு' என்றால் 'தவறு' என்று கேட்கும். ஸ்ஸ்ஸ் என்று நீட்டிக்கொண்டே நாக்கை அசைக்காமல் தொண்டையை மட்டும் அதிரவிடுங்கள். காதில் வண்டு ரீங்காரம் போல வரும் அந்த ஒலிதான் வேண்டியது.

மற்றதெல்லாம் நமக்குச் சாதகம். ஐந்து உயிர், குறில் நெடில் வேறுபாடு எல்லாம் கையிலேயே இருக்கிறது. ஜப்பானிய உகரம் உதட்டைக் குவிக்காதது. 'காசு', 'பாட்டு' என்பவற்றின் கடைசியில் வரும் குற்றியலுகரம் அதற்கு மிகப் பக்கம். ரகரம் அப்படியே நம் ர. தகரம் நம் பல் த. ட போடுவது ஆங்கில வழியாக வந்த கோளாறு. ஹோண்டா அல்ல, ஹொந்த. டொயோட்டா அல்ல, தொயொத.  ஃபுகரம் மட்டும் மேல் பல்லைக் கீழுதட்டில் வைக்காமல், இரண்டு உதட்டுக்கு நடுவே மெழுகுவத்தி ஊதுவது போல.

சுரம் (எந்த எழுத்தில் குரல் ஏறுகிறது, இறங்குகிறது) பற்றி இணையத்தில் பெரிய சண்டை நடக்கிறது. இரண்டு விதி தெரிந்தால் இப்போதைக்குப் போதும்: டோக்கியோ வழக்கில் முதல் தட்டும் இரண்டாம் தட்டும் ஒரே உயரத்தில் இருக்காது, ஒரு சொல்லுக்குள் ஒருமுறை இறங்கினால் மறுபடி ஏறாது. அமெ, முதலில் உயர்ந்து இறங்கினால் மழை; தாழ்ந்து ஏறினால் மிட்டாய். ஓசாகா பக்கம் போனால் பல சொற்களில் இது தலைகீழ். ஜப்பானியர்களே ஒருவருக்கொருவர் புரிந்துகொள்ளும் வேறுபாடு என்பதால், நீளத்தையும் அதிர்வையும் முடிக்காமல் இதில் நேரம் செலவிடுவது வீண். பிறகு வேண்டுமானால் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் உருவான ஓஜாட் என்ற இலவசத் தளத்தில் வாக்கியத்தை ஒட்டினால் ஏற்ற இறக்கத்தைக் கோடு போட்டுக் காட்டும். வாடை அடிப்பதும் புரியாமல் போவதும் வேறு வேறு. மொழி ஆய்வாளர்கள் மன்ரோவும் டெர்விங்கும் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், வாடை பலமாக இருந்த பேச்சையும் கேட்டவர்கள் பெரும்பாலும் சரியாகவே எழுதிக் காட்டினார்கள். தமிழ் வாடை இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்தது வாக்கியம். இங்கேதான் சுற்றுவழி அதிகம் கெடுக்கிறது. ஆங்கிலத்தில் யோசித்தால் வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும்; பாதி வழியில் வினை என்ன என்பதே மறந்துபோகும். தமிழில் யோசித்தால் திருப்பவே வேண்டாம். 'நேற்று வாங்கிய புத்தகம்' என்பதன் வரிசையிலேயே 'கினோ கத்த ஹொன்' வருகிறது. நம் வினையெச்சம்தான் அவர்களுடைய தெ வடிவம். அதனோடு ஒட்டும் துணைவினைகளைப் பாருங்கள்:

சாப்பிட்டுப் பார்: தபெதெ மிரு. மிரு என்றாலே 'பார்'.
வாங்கி வை: கத்தெ ஒகு. ஒகு என்றால் 'வை'.
போய்ட்டு வரேன்: இத்தெ கிமஸ். சொல்லுக்குச் சொல் அதே.
மறந்து தொலைச்சேன்: வசுரெதெ ஷிமத்த. வருத்தம் உட்பட.
எழுதி வாங்கினேன்: கைதெ மொரத்த.

கடைசியில் உள்ள 'மொரத்த' (அகராதி வடிவம் 'மொரஉ') ஆங்கில வழியில் படிப்பவர்களைப் பல வாரம் படுத்தும். 'அவர்கிட்ட கையெழுத்துப் போட்டு வாங்கிட்டேன்' என்று பேசுகிற நமக்கு அதில் புதிதாக ஒன்றுமில்லை. 'என்று' என்பதற்கு 'தொ', 'என்று நினைக்கிறேன்' என்பதற்கு 'தொ ஒமொஉ'. உம் போடும் இடத்தில் 'மொ', ஓ போடும் இடத்தில் 'க': யாரும் என்பது தரெமொ, யாரோ என்பது தரெக, எதுவும் என்பது நனிமொ, ஏதோ என்பது நனிக. இந்த ஒற்றுமையைப் பார்த்து ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய மொழியறிஞர் இரண்டும் உறவு மொழிகள் என்றே வாதிட்டார்; மொழியியலாளர்கள் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, மனப்பாடம் செய்ய வேண்டியது பாதியாகக் குறைகிறது.

ஆனால் தமிழ் காலை வாரும் இடங்களும் உண்டு. 'நாளைக்கு உங்க ஆபீசுக்கு வரேன்' என்று சொல்லும்போது நம் வாயில் வா என்ற வினைதான் வரும். தரு, வரு என்ற இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்திலேயே சொல்கிறது; அதாவது கேட்பவரை நோக்கிப் போவதும் 'வருவது'தான். ஜப்பானியத்தில் குரு பேசுபவர் பக்கம் வருவது மட்டும். கேட்பவர் இடத்துக்கு நீங்கள் போவது இகு. ஆகவே 'நாளைக்கு வரேன்' என்பது 'அஷித இகிமஸ்'. கொடுப்பதிலும் இதே கோடு: எனக்குத் தந்தார் என்றால் குரெரு, உங்களுக்குத் தருகிறேன் என்பது அகெரு. 'தன்மைக்கு மட்டும்' என்று மனத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டால் இரண்டு சிக்கலும் ஒன்றாகத் தீரும்.

மரியாதையிலும் ஒரு பொறி. 'எங்க மேனேஜர் மீட்டிங்ல இருக்காங்க' என்று வெளியாளிடம் சொல்வது நமக்கு மரியாதை. ஜப்பானியத்தில் அது பிழை. வெளியாளிடம் பேசும்போது உங்கள் மேலாளரும் உங்கள் பக்கத்து ஆள். பெயருக்குப் பின்னால் சன் போடக்கூடாது, உயர்த்தும் வினைக்குப் பதிலாகத் தாழ்த்தும் வினைதான். அதேபோல 'நீங்கள்' என்பதற்கு அனத என்று அகராதியில் இருந்தாலும் வாடிக்கையாளரிடம் வேண்டாம். தனகா-சன் என்று பெயரையே சொல்லுங்கள்.

இனி தினசரி வேலை. நாளொன்றுக்கு 25 நிமிடம், ஆறு வாரம். கூட்ட வேண்டாம், ஞாயிறு மூன்று மணி நேரம் உட்கார்ந்து வாரம் முழுக்க விட்டுவிடுவதைவிட இது மேல்.

நேராக என்2 புத்தகம் வாங்குவதுதான் எல்லோரும் செய்யும் முதல் பிழை. இரண்டு படி கீழே இறங்குங்கள். மின்னா நோ நிஹோங்கோவின் இரண்டு தொடக்கத் தொகுதிகளிலும் சேர்த்து 50 பாடம். பழைய பிரதி வீட்டில் எங்காவது இருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு பாடத்தின் உரையாடலை மட்டும் ஒலியோடு சேர்த்துச் சத்தமாகப் படியுங்கள், இலக்கண விளக்கத்தைத் தொடவேண்டாம். 25 நாளில் முடியும். புத்தகம் இல்லாவிட்டால் ஜப்பான் ஃபவுண்டேஷன் இரோதோரி என்ற பாடங்களை ஒலியோடு இலவசமாகத் தருகிறது. எளிதாக இருக்கிறதே என்று தாண்டாதீர்கள். எளிதாகப் படிப்பது வாயில் எளிதாக வருகிறதா என்பதுதான் கேள்வி.

அங்கி (Anki) என்ற நினைவட்டைச் செயலியில் பழைய அட்டைக் கட்டு இருந்தால் திறந்தவுடன் ஆயிரக்கணக்கில் நிலுவை காட்டும். அதைத் தீர்க்க உட்கார்ந்தால் சீக்கிரமே கைவிடத் தோன்றும். அத்தனையையும் முடக்கிவிட்டுப் புதுக் கட்டு தொடங்குங்கள்: முன்பக்கம் தமிழ் வாக்கியம், பின்பக்கம் ஜப்பானிய வாக்கியமும் ஒலியும். நாளைக்குப் பத்துப் புது அட்டை. பார்த்துப் புரிந்துகொள்ளும் அட்டை உங்களுக்கு வேண்டாம், அந்தத் திறன் ஏற்கெனவே இருக்கிறது. வாயால் சொல்லிவிட்டுத்தான் அட்டையைத் திருப்ப வேண்டும்.

ஒலியோடு கூடவே பேசும் பயிற்சிக்கு 30 அல்லது 40 விநாடி ஒலித்துண்டு ஒன்று எடுங்கள், அதன் எழுத்து வடிவம் கையில் இருக்க வேண்டும். முதல் நாள் கேட்டுப் பொருள் புரிந்துகொள்ளுங்கள். அடுத்த மூன்று நாள் எழுத்தைப் பார்த்து அதில் பேசுபவரோடு சேர்ந்து. பிறகு பார்க்காமல், அரை விநாடி பின்னாலேயே ஒட்டிக்கொண்டு. வேகத்தை 0.75-க்குக் குறைக்கலாம், அதற்குக் கீழே போனால் நீளங்களே உருமாறிவிடும். ஒரே துண்டைப் பத்து நாள் வைத்திருங்கள். அனிமே எடுக்காதீர்கள், அந்த முரட்டு 'ஒரெ' (நான்), 'ஒமஎ' (நீ) எல்லாம் வாயில் ஒட்டிக்கொண்டு வாடிக்கையாளர் முன்னால் வந்து நிற்கும். துண்டைப் பேசுபவர் உங்கள் பாலினத்தவராக, அலுவலகத் தொனியில் பேசுபவராக இருப்பது நல்லது.

வாரத்தில் இரண்டு நாள், ஒரே விஷயத்தை நான்கு நிமிடம் பேசுங்கள், உடனே அதையே மூன்று நிமிடத்தில், பிறகு இரண்டில். சரளம் இதில் வருவது போல வேறெதிலும் வருவதில்லை. புது விஷயம் தேட மூளைக்கு வேலை இல்லாததால், மூன்றாம் முறை வாக்கியங்கள் தானாக ஒட்டும். யோசிக்கும் இடத்தில் 'ஆக்சுவலி' என்று ஆங்கிலத்துக்குத் தாவாமல் எத்தொ, அனோ என்று இழுங்கள். நம் 'அது வந்து' செய்யும் வேலையை அவை செய்யும். மொழி மாறாமல் இரண்டு விநாடி கிடைக்கும்.

எண்களுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். பத்தாயிரம் அங்கே ஓர் அலகு, மன். ஒரு லட்சம் ஜூமன், பத்து லட்சம் ஹ்யகுமன், ஒரு கோடி இஸ்ஸென்மன், பத்துக் கோடி இச்சிஒகு. மில்லியன் வழியாகப் போகாமல் லட்சம் கோடியிலிருந்து நேராக மாற்றிப் பழகினால் தடுமாற்றம் குறையும். லட்சத்தில் உள்ள எண்ணோடு ஒரு சுழியைச் சேர்த்தால் மன். எட்டு லட்சம் என்றால் எண்பது மன், ஹச்சிஜூமன். எண்ணோடு ஒட்டும் அளவைச் சொற்களில் இப்பொன், நிஹொன், சம்பொன் என்று மாறும் வரிசையைப் பத்துவரை பாட்டு போல ஓட்டினால் போதும்.

வாரம் ஒருமுறை ஆளோடு பேச வேண்டும், அரை மணி. ஐட்டாக்கி போன்ற தளங்களில் ஆசிரியர் கிடைப்பார்கள். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். வேலை முடிந்து இரவு ஒன்பதுக்கு உட்கார்ந்தால் அங்கே நள்ளிரவு பன்னிரண்டரை, நல்ல ஆசிரியர்கள் இருக்கமாட்டார்கள். காலை ஆறரை எடுங்கள், அங்கே பத்து. 'ஒவ்வொரு பிழையையும் திருத்த வேண்டாம். நீளமும் வினைவடிவமும் மட்டும் திருத்துங்கள், கடைசி ஐந்து நிமிடத்தில்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒன்று நடுநடுவே நிறுத்துவார்கள், அல்லது உங்கள் ஜப்பானியம் அருமை என்று பாராட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஆறு வாரம் வரை அலுவலக அழைப்பு காத்திருக்காது அல்லவா? அதற்குப் பத்துப் பன்னிரண்டு வாக்கியத்தைக் கட்டாக மனப்பாடம் செய்யுங்கள். தொடக்கத்துக்கு 'ஒசெவ நி நத்தெ ஒரிமஸ்'. புரியாதபோது 'ஒசொரெஇரிமஸ் க, மோ இச்சிதொ ஒனெகாய் தெகிமஸ் க'. புரிந்ததை உறுதி செய்ய, அவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்லி 'தொ யூ கொதொ தெ யொரொஷீ தெஷோ க'. உடனே பதில் தெரியாதபோது 'ககுனின் ஷிதெ கொரென்ரகு இதஷிமஸ்'. சரிபார்த்துத் தெரிவிக்கிறேன் என்று பொருள். அவர் பேசும்போது மௌனமாக இருக்காதீர்கள், நம் 'ம்', 'சரி' போல ஹாய், ஹாய் என்று இடையிடையே போட வேண்டும். இல்லாவிட்டால் இணைப்பு அறுந்ததோ என்று மொஷிமொஷி கேட்பார்கள். அவர் போடும் ஹாய்க்கு 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்றுதான் பொருள், 'ஒப்புக்கொண்டேன்' என்று எடுத்துக்கொண்டு விலையைக் குறித்துவிடாதீர்கள்.

கான்ஜி (சீனத்திலிருந்து வந்த எழுத்துகள்) எழுதுவது போய்விட்டதே என்று கவலைப்பட வேண்டாம், ஜப்பானியர்களே கைபேசி வந்த பிறகு அதை மறந்து வருவதாகப் புலம்புகிறார்கள். படிக்க வந்தால் போதும், தட்டச்சு மீதியைப் பார்த்துக்கொள்ளும். என்3 சான்றிதழ் காலாவதி ஆவதில்லை, ஆகவே அதைத் திரும்ப எழுதாதீர்கள். தேர்வு ஒரு கெடுவாக உதவும் என்று தோன்றினால் ஆறு வாரத்துக்குப் பிறகு அடுத்த ஜூலையையோ டிசம்பரையோ குறிவைத்து என்2-க்குப் பதிவு செய்யுங்கள். அதற்கான படிப்பு, இந்த 25 நிமிடத்தைத் தின்னாமல் தனியாக இருக்க வேண்டும்.

ஆறாவது வாரத்தோடு தினசரிப் பயிற்சியைக் குறைக்கலாம்: வாரத்தில் நான்கு நாள் கால் மணி நேரம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணிப் பேச்சு. புது அட்டை சேர்ப்பதை நிறுத்தினாலும் பேச்சை நிறுத்தாதீர்கள். புராஜெக்ட் முடிந்து ஜப்பானியம் மறுபடி வேலையில்லாமல் போகும்போது அட்டை, துண்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டாலும் அந்த அரை மணியை மட்டும் நாள்காட்டியில் வைத்திருங்கள்.